எலுமிச்சம்பழ அளவு என்று நான் சொன்னது

தங்கராசு,

உன் ஆராய்ச்சிப் புத்தகம் திங்கட்கிழமை தபாலில் வந்து சேர்ந்தது. நீல அட்டை, உள்ளே முழுக்க ஆங்கிலமும் கணக்கும். எனக்கு அதில் படிக்கத் தெரிந்தது உன் பெயர் மட்டும்தான். அதனால் மறுநாள் ஷிப்டுக்குப் போகிற வழியில் தேயிலை பேக்டரி ஆபீஸில் பெரிய கிளார்க்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முதல் தாளைத் திருப்பியதும், உன் அம்மாவுக்குச் சமர்ப்பணம் செய்திருக்கிறாய் என்று சொன்னார். பிறகு எழுந்து நின்று, அங்கே இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி அதைத் தமிழில் சொன்னார்: "என் படிப்பு கெட்டுவிடக் கூடாது என்று தன் நோயை எல்லோரிடமும் மறைத்துக்கொண்ட என் அம்மாவுக்கு." கொழுந்து உருட்டும் ரோலர் அறை ஆட்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். லீவு எழுதிக் கொடுக்க வந்த இரண்டு பெண்கள் இருந்தார்கள். அதில் ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படி ஒரு தாய் வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார் கிளார்க். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் மனைவியை இழந்தவன் எப்படித் தலை குனிய வேண்டுமோ அப்படிக் குனிந்துகொண்டேன். புத்தகத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அடுப்புக்கு விறகு அடுக்கி வைத்திருக்கும் பின்பக்கம் போய் வாந்தியெடுத்தேன்.

அந்த வாக்கியம் பொய். எழுதியது நீ, பொய் என்னுடையது.

அடுத்த மாதம் நீ வெளிநாடு போகிறாய். அங்கே நாலு பேர் முன்னால் இந்தக் கணக்கைப் பற்றிப் பேசப் போகிறாய். அதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். நீளமாக எழுதிப் பழக்கமில்லை. நான்கு நாளாக எழுதி எழுதிக் கிழித்துப் போடுகிறேன். கிழித்துப் போட்ட தாள்களில் எல்லாம் என்னையறியாமல் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டியிருந்தேன். மழை என்று எழுதியிருந்தேன், பஸ் இல்லை என்று எழுதியிருந்தேன், அந்தக் காலத்தில் யாருக்கு என்ன தெரியும் என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்க்கும்போது என் எழுத்தைத் தொடவே எனக்குக் கூசியது. இந்தத் தாளில் அப்படி ஏதாவது தப்பி வந்திருந்தால் நம்பாதே.

எமர்ஜென்சி வந்த வருடம், ஆடி மாதம். நீ மதுரையில் எம்.எஸ்ஸி. கடைசி வருடம் சேர்ந்து போய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன. உன் அம்மா கொழுந்தெடுத்துவிட்டு வந்து, மழைக்கு இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு, கம்பளியைக்கூட உதறாமல் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். என் கையைப் பிடித்து இடது மார்பின் பக்கவாட்டில் வைத்தாள். "இங்க ஒண்ணு கட்டியா இருக்கு, பாருங்க" என்றாள். விரலுக்கு அடியில் ஒரு கொண்டைக்கடலை அளவுக்கு ஏதோ வழுக்கி நகர்ந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். "வலிக்கல. வலிக்காம இருக்கதுதான் பயமா இருக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரட்டுமா?" என்று கேட்டாள். அவள் மறைக்கவில்லை, தங்கராசு. பார்த்த அன்றே காட்டினாள். காட்டிய கையோடு என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொன்னாள். மலையில் எத்தனையோ பெண்கள் வருடக்கணக்கில் சொல்லாமல் இருக்கிறார்கள். அவள் அப்படி இல்லை.

வேண்டாம் என்று சொன்னவன் நான். எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டர் அப்போது புதிதாக வந்த இளவயதுக்காரர். தினமும் சாயங்காலம் பேக்டரி வழியாக நடந்து போவார். என்னைப் பார்த்துத் தலையசைப்பார். அவர் என் மனைவியின் மார்பைத் தொட்டுப் பார்ப்பார், மறுநாள் அதே வழியில் வந்து என்னைப் பார்த்துத் தலையசைப்பார் என்ற நினைப்பை என்னால் தாங்க முடியவில்லை. காரணம் இவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. லயத்து வரிசை வீடுகளில் தெரிந்தால் தண்ணீர்க் குழாயில் தனியாக நிற்க வைப்பார்கள் என்றும் நினைத்தேன். ஆனால் அது பிற்பாடு சேர்த்துக்கொண்டது. அவளிடம் நான் சொன்னது, கூடைக் கயிறு உரசி வந்த வீக்கமாக இருக்கும், பத்து நாளில் வற்றிவிடும் என்று. கூடைக் கயிறு தலையில் மாட்டுவது. மார்பில் எப்படி உரசும் என்று அவள் கேட்கவில்லை.

புரட்டாசியில் அது கொட்டைப்பாக்கு அளவு ஆகியிருந்தது. மறுபடியும் கேட்டாள். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றேன். அவள் சித்திரபுரத்தில் இருக்கும் உன் மாமாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். அவர் எலெக்ட்ரிசிட்டி போர்டு குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, ஜீப் ஏற்பாடு பண்ணிவிட்டேன், தங்கையைக் கூட்டிப் போகிறேன் என்று நின்றார். நான் அவரிடம், "ஒங்க தங்கச்சி ஒடம்பப் பத்திப் பேச ஒங்களுக்குக் கூச்சமா இல்லையா?" என்று கேட்டேன். மூத்த மச்சானிடம், வீட்டு வாசலில் வைத்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்கும்படி. அவர் முகம் செத்துப்போயிற்று. திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு பல மாதம் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவர் வராததற்குக் காரணம் ஏதோ உத்தியோகத் தகராறு என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய்தான். உத்தியோகத்தில் அவருக்கும் எனக்கும் என்ன தகராறு இருக்க முடியும்?

தீபாவளிக்கு நீ வந்தாய். மூன்று நாள் இருந்தாய். அப்போது அது எலுமிச்சம்பழ அளவு. நீ வருவதற்கு முந்தின நாள் அவளைக் கூப்பிட்டு, பையனிடம் சொல்லாதே, படிப்பு கெட்டுப்போகும் என்று சொன்னது நான்தான். உன் படிப்பு என்ற சொல்லை இந்த விஷயத்துக்குள் கொண்டுவந்தவன் நான். அவள் வாயிலிருந்து அது ஒருமுறைகூட வந்ததில்லை. உனக்குத் தெரிந்துவிட்டால் கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுவாய், இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்பாய். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். நீ பஸ் ஏறிப் போன பிறகு மூன்றாவது தடவையாகக் கேட்டாள். அப்போதும் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை. போடிப் பக்கம் ஒரு ஆள் பத்துப் போட்டே கட்டியைக் கரைக்கிறான் என்று ரோலர் அறையில் யாரோ சொல்லியிருந்தார்கள். அவளைப் போடிமெட்டு வழியாகக் கீழே இறக்கி அவனிடம் கூட்டிப் போனேன். அவனும் ஆண்தான். அவனும் அவளைத் தொட்டுத்தான் பார்த்தான். ஆனால் நான் மறுநாள் பார்க்க வேண்டிய ஆள் அல்ல.

அவன் கை நகத்தில் அழுக்கு அடைந்திருந்தது. அதே கையால் மயில்துத்தம் கலந்த ஏதோ கறுப்புப் பத்தைக் குழைத்து அப்பினான். கட்டி உடைந்து வெளியே வந்துவிட்டால் விஷம் இறங்கிவிடும் என்றான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவன் நல்ல அறிகுறி என்றான். வாரம் ஒரு தரம் போய் வந்தோம். தை பிறக்கும்போது தோல் வெந்து, கறுத்து, உடைந்தது. நீர் வடிய ஆரம்பித்தது. அந்தப் பத்தை அவளாகவே சந்தையில் வாங்கிப் போட்டுக்கொண்டாள் என்று உன்னிடம் சொன்னேனே, அதையும் இப்போது அழித்துவிடு.

இனி எழுதப் போவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பானது. என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். கொழுந்தை உருட்டிய பிறகு புளிக்க வைக்கும் அறையில் பரப்பி, அது பச்சை வாடை போய், பழ வாசனை வந்து, அதற்கும் மேலே போய்ப் புளிப்பு ஏறுவதற்கு முன்னால் அடுப்புக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். கடிகாரத்தைவிட என் மூக்கைத்தான் டீமேக்கர் நம்புவார். அந்த மூக்கோடு வீட்டுக்கு வந்தேன். புண்ணிலிருந்து வந்த வாடையை நான் இங்கே எழுதமாட்டேன். நீயும் அந்த வீட்டுக்குள் வந்தவன், உனக்குத் தெரியும். நான் இரண்டு ஷிப்டு கேட்டு வாங்கினேன். சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்தினேன். அவள் டம்ளரைத் தனியாக வைத்தேன். சோற்றுத் தட்டை மூச்சை அடக்கிக்கொண்டு போய்க் கை நீட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத் திரும்புவேன். புண்ணை அவளே துடைத்துக்கொள்வாள், துணியை அவளே வெந்நீரில் போடுவாள். ஒரு நாள் தட்டு கொண்டுபோகும்போது துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு போனேன். அவள் பார்த்தாள். கோபப்படவில்லை. "வெளியவே உக்காந்துக்கோங்க. பேசுனா எனக்குக் கேக்கும்" என்றாள். நான் வெளியில் போய் உட்கார்ந்தேன். ஆனால் பேசவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, பங்குனி முழுவதும் பேசவில்லை.

இருபத்து மூன்று வருடம் என்னோடு வாழ்ந்தவள். அவள் உடம்பு அழுகியது நோயால். எனக்குள் அழுகியதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

சித்திரையில் பரீட்சை முடிந்து நீ வந்தாய். வாசலில் ஒரு நொடி நின்றாய். அந்த ஒரு நொடிக்குப் பிறகு நேராக உள்ளே போய், பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டையின் கையை மடித்துக்கொண்டு, வெந்நீர் கொண்டு வாருங்கள் என்று சொன்னாய். நான் கொண்டுவந்தேன். நீ ஒட்டியிருந்த துணியை நனைத்து நனைத்து எடுத்தாய். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் மனதில் ஓடியது என்ன தெரியுமா? இவனுக்கு என் மூக்கு இல்லை, அதனால்தான் முடிகிறது என்பது. பெற்ற பிள்ளை தன் தாயைத் துடைக்கும்போதுகூட எனக்குச் சாதகமாக ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டு நின்றேன்.

மறுநாளே கோட்டயத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்த டாக்டர் வயதானவர், பொறுமையானவர். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்புக்கும் நுரையீரலுக்கும் போய்விட்டது என்றார். ஏன் இவ்வளவு தாமதம் என்று மலையாளத்தில் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான், பொங்கலுக்கு அப்புறம்தான் அவளுக்கே தெரிந்ததாம், எங்களிடம் சொல்லவில்லை, இப்போதுதான் தெரிய வந்தது என்றேன். டாக்டர் அவளைப் பார்த்து, அப்படியா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நீ பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இதைத் தனியாக எழுதுகிறேன். அவள் வலியில் ஆட்டியிருக்கலாம். அலுத்துப்போய் ஆட்டியிருக்கலாம். இவனிடம் இனி என்ன வழக்கு என்று விட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது, நான் கேட்டதில்லை. அவளைத் தெய்வமாக்கினால் அதில் லாபம் எனக்குத்தான்.

அவள் என்மேல் கோபமாகத்தான் இருந்தாள். ஆஸ்பத்திரியில் உன் கையால் கஞ்சி குடித்தாள், நான் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டாள். மருந்து வாடைக்கு அவளுக்குக் குமட்டுகிறது என்று உனக்கு விளக்கம் சொன்னேன். ஒரு நாள் நீ மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "மூணு தடவ கேட்டேன் ஒங்ககிட்ட" என்றாள். அதற்குப் பிறகு ஐப்பசியில் போகும் வரைக்கும் அவள் என்னிடம் தானாகப் பேசிய வேறு வார்த்தை எதுவும் எனக்கு நினைவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு நீ கேட்டாய்: "ஏம்ப்பா அம்மா எங்கிட்டச் சொல்லல?" அப்போது சொல்லியிருக்கலாம். மாமா பின்கட்டில் பாத்திரங்களை எண்ணி வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் எல்லாம் தெரியும். நான் சொன்னது, "ஒன் படிப்பு கெட்டுரக் கூடாதுன்னு மறைச்சுட்டாடா." சொல்லும்போதே எனக்கு அழுகை வந்தது. நடிப்பில்லை, உண்மையான அழுகை. பொய்யைச் சொல்லிக்கொண்டே உண்மையாக அழ முடியும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். நீ முகத்தை மூடிக்கொண்டாய். தன்னால்தான் அம்மா செத்தாள் என்று உன் தலையில் அப்போது ஏறியதை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டும் இறக்கி வைக்கவில்லை. உன் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

நீ சென்னையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து, கணிதத்தில் வேறு எவ்வளவோ இருக்க, புற்றுநோய்ச் செல் எப்படி இடம்விட்டு இடம் போகிறது என்பதைத் தேர்ந்தெடுத்தாய். ஏன் என்று எனக்குத் தெரியும். போன வருடம் திதிக்கு வந்தபோது அடுப்படியில் உட்கார்ந்து எனக்கு விளக்கினாய். கையில் ஓட்டை ஓட்டையாகப் போட்ட அட்டைக் கட்டு ஒன்று வைத்திருந்தாய். ஒரு அறை அளவு இருக்கும் இயந்திரத்துக்கு இதைக் கொடுத்தால் அது கணக்குப் போடும் என்றாய். ஒரு செல் இரண்டாகும்போது தனக்குள் இருக்கும் எழுத்தைப் பார்த்து எழுத வேண்டுமாம். எழுதுவதில் எப்போதாவது பிழை வருமாம். பெரும்பாலான பிழையால் ஒன்றும் ஆகாது, இல்லாவிட்டால் அந்தச் செல்லே செத்துவிடும். அபூர்வமாக ஒரு பிழை, பக்கத்துச் செல்லோடு ஒட்டியிருக்கும் பிடியைத் தளர்த்திவிடும். அதிலிருந்து பிறப்பவற்றுக்கும் அந்தத் தளர்ச்சி இருக்கும். அவற்றில் ஒன்றுக்கு இன்னொரு பிழை சேர்ந்தால் ரத்தக் குழாய்க்குள் நுழைய முடியும். ரத்தத்தில் போகிறவற்றில் கிட்டத்தட்ட எல்லாமே வழியில் சாகும். தப்பிய ஒன்றிரண்டு எலும்பிலோ நுரையீரலிலோ ஒட்டிக்கொண்டு பெருகும். அப்படி ஒட்டிக்கொண்டதை நீ வெற்றி பெற்ற செல் என்றாய். எனக்குச் சட்டென்று அருவருத்துவிட்டது. உன் அம்மாவைத் தின்றதற்கு வெற்றி என்று பெயரா என்று கேட்டேன். "கணக்குல அப்படித்தாம்ப்பா சொல்லுவாங்க" என்றாய். அதற்குப் புத்தி உண்டா என்று கேட்டேன். "புத்தியெல்லாம் கெடையாது. எண்ணிக்கைதான். கட்டி பெருசாகப் பெருசாக, நாள் ஆக ஆக, பிழைக்கு வாய்ப்புக் கூடும். அவ்வளவுதான்" என்றாய்.

அதற்குப் புத்தி இல்லை. எனக்கு இருந்தது.

பிறகு, உன் இயந்திரம் ஆயிரக்கணக்கான கற்பனைக் கட்டிகளை வளரவிட்டு, எதில் எப்போது முதல் செல் புறப்பட்டது என்று எண்ணும் என்றாய். அம்மாவின் விவரத்தையும் போட்டுப் பார்க்கப் போகிறேன் என்றாய். கோட்டயத்தில் டாக்டர் எழுதிய கடைசி அளவு உன்னிடம் இருந்தது. முதல் அளவு வேண்டும். "மொதல்ல பாத்தப்ப எவ்வளவு பெருசா இருந்துச்சுன்னு அம்மா ஒங்ககிட்ட ஏதும் சொன்னாளாப்பா?" என்று கேட்டாய். நான் யோசிப்பதுபோல் கொஞ்சம் இருந்துவிட்டு, "எலுமிச்சம்பழம் அளவுன்னு சொன்னா. பொங்கல் கழிஞ்சுதான்" என்றேன். நீ எழுதிக்கொண்டாய்.

இரண்டு மாதம் கழித்து உன் கடிதம் வந்தது. முதல்முதலாகக் கண்ணில் பட்டபோதே எலுமிச்சம்பழ அளவு என்றால், செல் அதற்கு முன்னாலேயே புறப்பட்டிருப்பதற்குத்தான் மிகப் பெரிய வாய்ப்பு, அம்மா அன்றைக்கே சொல்லியிருந்தாலும் பலன் இருந்திருக்காது என்று எழுதியிருந்தாய். ஒரு எண்ணும் போட்டிருந்தாய். அந்த எண்ணை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதைப் படித்த அன்று, உன் அம்மா போனதற்குப் பிறகு முதல்தடவையாக, வயிறு நிறையச் சாப்பிட்டேன். அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். டீக்கடையில் சொன்னேன், லயத்தில் சொன்னேன், கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து வந்தவர்களிடமும் சொன்னேன். கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, யார் என்ன செய்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்று. என் கையால் கலந்து கொடுத்த பொய்யை நானே குடித்துவிட்டு ருசியாக இருக்கிறது என்று சப்புக்கொட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளில், கொண்டைக்கடலை என் விரலில் வழுக்கியதையே மறந்துவிட்டேன். உண்மையிலேயே எலுமிச்சம்பழத்தைத்தான் முதலில் தொட்டதாக ஞாபகம் வர ஆரம்பித்தது.

சித்திரபுரம் போய் உன் மாமாவிடமும் சொன்னேன். வேண்டுமென்றே போனேன். அவர் வாயை அடைக்க வேண்டும் என்பதற்காக. அவர் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் பேசி முடிக்கும் வரை பொத்தான் போட்டுக்கொண்டே கேட்டார். பிறகு, "மாப்பிள, எந்த ரீடிங்கக் குடுத்தீங்க அவங்கிட்ட?" என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். பவர்ஹவுஸில் மணிக்கு மணி அளவு பார்த்து எழுதுகிற மனிதர். நான் அவர் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டே இருந்தேன். உன் அத்தை காப்பி கொண்டுவந்தாள். குடிக்க முடியவில்லை. அப்போதே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. புத்தகம் வந்து, ஆபீஸில் அந்த வரியைக் கேட்டு, பின்பக்கம் போய் வாந்தியெடுக்கும் வரைக்கும் எழுதவில்லை.

இப்போது அளவுகளைச் சொல்கிறேன், சரியானவற்றை. ஆடியில் இரண்டாவது வாரம், கொண்டைக்கடலை. தொட்டால் நகர்ந்தது, தோலில் ஒட்டியிருக்கவில்லை, அக்குளில் எதுவும் இல்லை, அவளே தடவிப் பார்த்துச் சொன்னாள். புரட்டாசிக் கடைசியில் கொட்டைப்பாக்கு. தீபாவளிக்கு எலுமிச்சம்பழம், அப்போது நகரவில்லை. தை பிறக்கும்போது தோல் உடைந்தது. பத்துப் போட்டதும் அதைத் தொடர்ந்து பிசைந்ததும் உன் கணக்கில் வருமா வராதா என்று எனக்குத் தெரியாது. வரும் என்றால் அது ஒன்பது வாரம். இதை வைத்து மறுபடியும் போடு. கொண்டைக்கடலையாக இருந்த அன்று அது புறப்பட்டிருந்ததா இல்லையா என்று இயந்திரத்திடம் கேள். என்ன எண் வந்தாலும் எனக்கு எழுதி அனுப்பு. சுற்றிலும் ஆறுதலாக எதுவும் எழுதாதே. அது எனக்குச் சேர வேண்டிய எண். ஏற்கெனவே போயிருந்தது என்றே மறுபடியும் வந்தாலும்கூட, நான் செய்தது அதனால் ஒரு இம்மியும் குறையாது. அன்று எனக்கு அது தெரியாதே. அவள் கேட்டபோது நான் எந்த எண்ணையும் பார்த்து மறுக்கவில்லை. அவளைத்தான் பார்த்து மறுத்தேன்.

உன் தொழிலில் உனக்குப் புத்தி சொல்ல நான் யார்? ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். உன் கணக்கு எல்லாம் முதலில் கண்ணில் பட்ட நாள் என்ற இடத்திலிருந்து தொடங்குகிறது. அந்த நாளை உனக்குச் சொல்பவர்கள் யார் என்று யோசித்தாயா? நோயாளி பாதி மயக்கத்தில் இருப்பாள். பக்கத்தில் நிற்கும் புருஷன் சொல்வான், மாமியார் சொல்வாள், மகன் சொல்வான். அவர்கள் எல்லோரும் என்னைப்போல் பாவிகள் என்று சொல்லவில்லை. ஆனால் இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லாதவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். கோட்டயத்து வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்களும் டாக்டரிடம் அதையேதான் சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். நீ போகும் நாட்டில் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். அந்தக் காகிதத்தில் இருப்பது கட்டியின் வயது அல்ல, வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொண்ட வயது. அதற்கு உன் கணக்கில் ஏதாவது இடம் வை. எப்படி என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும்.

இன்னொன்று. நாளைக்கு நீயும் கல்யாணம் செய்துகொள்வாய். அவள் உன் கையைப் பிடித்து எதையாவது காட்டினால், பார். உன் கூச்சம், உன் மூக்கு, உன் மானம் எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீ என்னைவிட மேலானவன் என்பதை அந்த வாசலில் நின்ற ஒரு நொடியிலேயே பார்த்தேன். ஆனாலும் என் ரத்தம் உன்னிடம் ஓடுகிறது. அதனால் சொல்லி வைக்கிறேன்.

அடுத்த பதிப்பு என்று ஒன்று வந்தால் அந்த வரியை எடுத்துவிடு. புதிதாக என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். உன் படிப்பால் அவள் சாகவில்லை. மூன்று வருடமாக நீ சுமந்தது உன்னுடையது அல்ல. அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். மன்னிப்புக் கேட்பதற்கு அல்ல. கேட்க வேண்டியவளிடம் கேட்க வழியில்லை, உன்னிடம் கேட்டால் அதுவும் ஒரு சுகம்தான்.

புறப்படுவதற்கு முன் ஊருக்கு வந்துவிட்டுப் போவதாக எழுதியிருந்தாய். வருவதா வேண்டாமா என்பதை இதைப் படித்த பிறகு யோசித்துக்கொள். வரவில்லை என்றால் ஏன் என்று கேட்டு எழுதமாட்டேன், யாரையும் விட்டுக் கேட்கச் சொல்லவும் மாட்டேன். வந்தால், மூணாறில் இறங்கி நேராக இங்கே வராதே. பள்ளிவாசல் ஊரில் இறங்கிச் சித்திரபுரம் போ. மாமா வீட்டில் சாப்பிடு. உன் அம்மா அவரிடம் என்ன சொன்னாள் என்று கேள். என்னிடம் சொல்லாத எத்தனையோ அவரிடம் சொல்லியிருப்பாள். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகும் இங்கே வர மனமிருந்தால் வா. இந்த மாதம் எனக்குக் காலை ஷிப்டு. மூன்று மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.